ஒளி சுற்றாத காசு

அந்த அறையின் கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். உள்ளே இருக்கும் இரண்டு பேரும் தட்டிலுள்ள ஒவ்வொரு காசுக்கும் இருவரும் ஒத்த முடிவை எழுதி, ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டு, தாளைச் சுவரிலுள்ள துவாரம் வழியாக நீட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் மேற்பார்வையாளர் எழுந்து வந்து பூட்டைத் திறப்பார். அவருக்குச் சாவிக்கொத்து என்று பெயர். அவசரமாக ஒதுங்க வேண்டுமென்றாலும் முதலில் தட்டை முடி என்பதுதான் அங்கே சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்ட புண்ணியவானுக்குச் சர்க்கரை வியாதி கிடையாது போலிருக்கிறது.

அறையில் ஜன்னல் கிடையாது. இரண்டு மேசை, இரண்டு விளக்கு, நடுவில் ஒரு மின்தராசு, சுவரில் ஒரு ஒலிபெருக்கி, அதற்குக் கீழே ஒரு சிவப்புப் பொத்தான். செல்போன் வெளியே பெட்டியில் கிடக்கும். உள்ளே வருகிறவர்கள் பை வைக்காத நீல அங்கிதான் போட்டுக்கொள்ள வேண்டும், ஒரு காசுகூட உள்ளே வரவோ வெளியே போகவோ கூடாது என்பதற்காக. இருபத்திரண்டு வருடமாக அந்த அங்கியைப் போட்டுப் போட்டு, வீட்டில் இருக்கும்போதும் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அந்த இரண்டு பேரில் ஒருத்தியான அவளுக்குத் தெரியாமல் போய்விட்டது.

அலுவலகத்தில் அவளைச் சல்லடை என்பார்கள். அவள் கையில் விழுந்த பொய்க்காசு எதுவும் வெளியே தப்பியதில்லை. எதிர் மேசைக்காரரைப் பெரியவர் என்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருடைய மகனும் இவளுடைய மகளும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அதிலிருந்து இவளுக்கு அவர் சம்பந்தி, அவருக்கு இவள் சம்பந்தியம்மா. சம்பந்திகள் இருவரை ஒரே அறைக்குள் வைத்துப் பூட்டுகிற கம்பெனி உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று சாவிக்கொத்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் கல்யாணத்துக்குப் பெரியவரின் மனைவி கடைசிவரை சம்மதிக்கவில்லை. இன்றைக்கும் மருமகளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மகன் வைத்திருந்த கடை ஆறே மாதத்தில் படுத்துவிட்டது. கைக்குழந்தையோடு மகள் அந்த வீட்டில் மூச்சுவிட முடிகிறதென்றால் அது இந்த மனிதர் ஒருவரால்தான். சாப்பாட்டு நேரத்தில், "எங்க என் மருமக? அவ உட்கார்ந்தாத்தான் நான் உட்காருவேன்," என்பாராம். மகள் இதைச் சொன்ன நாளில் இவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான்.

வேலை என்னவென்றால், ஊர் உலகத்தில் யாருக்காவது விநோதமான காசு கிடைத்தால் அதை இந்தக் கம்பெனிக்கு அனுப்புவார்கள். அச்சடிக்கும் ஆலையிலேயே பிழையாகப் பிறந்த காசு என்றால் சேகரிப்பவர்கள் அடித்துப் பிடித்து வாங்குவார்கள். வெளியே வந்தபிறகு கெட்டுப்போன காசு என்றால் அது வெறும் கெட்டுப்போன காசு. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து இரண்டாவது ரகம்தான். இஸ்திரிப்பெட்டிக்கு அடியில் மாட்டியது, நாய் கடித்தது, அடுப்பில் விழுந்தது, ரயில் தண்டவாளத்தில் வைத்து நசுக்கியது. ஒவ்வொன்றோடும் நாலு பக்கத்துக்கு ஒரு கடிதம் வேறு. தன் பிள்ளைக்கு மார்க் குறைந்துவிட்டதென்று வாத்தியாரிடம் வாதாடும் அம்மாக்களைப் போல, காசுக்காக வாதாடுவார்கள்.

இன்றைக்கு வந்த தட்டில் பன்னிரண்டு காசு. அதில் ஒன்பதாவது, சலவைக்கடைக்காரர் ஒருவர் அனுப்பியது. வெள்ளையாக இருக்க வேண்டிய காசு, முழுக்கச் செம்பழுப்பாக இருந்தது. "பிறந்ததிலிருந்தே இந்த நிறம்தான், நான் எந்தப் பாவமும் அறியேன்," என்று அவர் எழுதியிருந்தார்.

இந்த நிறம்தான் இந்தத் தொழிலில் ஆளைக் கவிழ்ப்பது. ஆலையில், முத்திரை அடிப்பதற்கு முன்னால் வெற்று வில்லைகளை உலையில் போட்டுச் சூடாக்குவார்கள். சிலசமயம் உலையில் கிடக்கும் செம்புத்தூள் வில்லையின்மேல் படிந்து ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் முத்திரை விழுந்தால் அது அசல் பிழைக்காசு. ஆனால் மண்ணில் புதைந்த காசும், ரசாயனத்தில் ஊறிய காசும் இதே நிறத்துக்கு வரும். எடையும் ஏறக்குறைய ஒன்றுதான், தராசு கையை விரித்துவிடும். கண்தான் சொல்ல வேண்டும். விளக்குக்கு அடியில் காசைப் பிடித்து மெல்லச் சாய்த்தால், அசலில் ஒளி கீற்றுக் கீற்றாக மையத்தைச் சுற்றி ஓடும். முத்திரை விழுந்தபோது உலோகம் நகர்ந்த தடம் அது, நிறத்துக்கு மேலே இருக்கும். வெளியே வந்து கெட்ட காசில் நிறம் மேலே வந்து உட்கார்ந்து அந்தத் தடத்தைத் தின்றுவிடும். எப்படிச் சாய்த்தாலும் ஒளி செத்துக் கிடக்கும்.

வழக்கமாகத் தட்டு முதலில் இவளிடம் வரும். இவள் பார்த்து, தன் தாளில் எழுதி மடித்து வைத்துவிட்டு, தட்டைப் பெரியவரிடம் தள்ளுவாள். அவர் தனியாகப் பார்த்துத் தன் தாளில் எழுதுவார். பிறகு இரண்டையும் விரித்து ஒப்பிடுவார்கள். ஒரு வருடமாக ஒரு காசில்கூட இருவருக்கும் வேற்றுமை வந்ததில்லை. அதற்காகவே இன்று காலை நிர்வாகி இவளை மாடிக்குக் கூப்பிட்டு, மாதிரி ஜோடி என்று உங்கள் படத்தை அறிவிப்புப் பலகையில் போடப்போகிறோம் என்று சொல்லிப் படமும் எடுத்தார். பெரியவரை நேற்றே எடுத்தாயிற்றாம். அந்தக் கூத்தில் இவள் அறைக்குள் வரும்போது அரைமணி தாமதம். தட்டு பெரியவரிடம் முதலில் போய்விட்டது.

இவள் பன்னிரண்டையும் பார்த்து முடித்துத் தாளை விரித்தாள். பதினொன்று ஒத்துப்போயிற்று. அதில் ஆச்சரியமில்லை, அந்தப் பதினொன்றும் நசுங்கியதும் உடைந்ததுமாக, தடவிப் பார்த்தே சொல்லக்கூடியவை. ஒன்பதாவதற்கு இவள் 'கெட்டது' என்று எழுதியிருந்தாள். அவர் 'அசல்' என்று எழுதியிருந்தார்.

"என்ன சம்பந்தி, இதுல ஒளியே இல்லையே," என்றாள்.

"நல்லாப் பாருங்க சம்பந்தியம்மா. சும்மா பம்பரமாச் சுத்துது."

இவள் மறுபடியும் பார்த்தாள். இடம் மாற்றி, அவருடைய விளக்கிலேயே பார்த்தாள். எழுத்துகளின் இடுக்கில் பழுப்பு அப்பிக்கிடந்தது. மேட்டில் மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தது. ஒளி அசையவே இல்லை. முதல் வாரப் பயிற்சிக்கு வந்தவர்கூடச் சொல்லிவிடுவார். இருபத்தெட்டு வருடம் பார்த்தவர் பம்பரம் என்கிறார்.

ஒப்பிடுவதற்கென்று அறையிலேயே ஒரு டப்பா நிறையக் கெட்ட காசுகள் உண்டு. அதிலிருந்து, அமிலத்தில் ஊறிக் கறுத்த ஒன்றை எடுத்து வெல்வெட் துணிமேல் வைத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இதையும் ஒரு தடவை பாருங்களேன். ஒப்பிட்டுப் பாத்துடலாம்."

அவர் எடுத்தார். லென்ஸைக் கண்ணருகே கொண்டுபோனார். சாய்த்தார். "இதுவும் அசல்தான். எங்கேருந்து புடிச்சீங்க? அருமையாச் சுத்துதே!"

விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தாள். விளையாட்டில்லை. டப்பாவிலிருந்து வேறொன்றை எடுத்து வைத்தாள். இம்முறை அவர் விளக்குக்குக் கீழே சாய்த்துக்கூடப் பார்க்கவில்லை. "இது செத்த காசு," என்று உடனே சொல்லிவிட்டார். சரியான பதில். அதுதான் அவளை உறுத்தியது. முன்னதுக்கும் இதற்கும் இம்மியளவு வித்தியாசம் கிடையாது.

துணிமேல் கிடந்த காசைப் பார்த்தாள். பூப் பக்கம் மேலே இருந்தது. முதலில் வைத்ததைத் தலைப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்தது ஞாபகம் வந்தது. அந்தச் செத்த காசையே எடுத்தாள், துடைப்பதுபோல் துடைத்தாள், தலை மேலே வரும்படி வைத்து நகர்த்தினாள்.

"இது, சம்பந்தி?"

அவர் சாய்த்துப் பார்த்தார். "அசல்," என்றார்.

அவளுக்குத் தன் கைகளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காத, அவளே அறியாத பழக்கம் அது. பார்த்து முடித்த காசைத் தட்டுக்குழியில் திரும்ப வைக்கும்போது, நல்லதென்றால் தலை மேலே, கெட்டதென்றால் பூ மேலே. தாளை மடித்து ஒளித்துவிட்டு, பதிலைத் தட்டு முழுக்கப் பரப்பி வைத்து அவரிடம் தள்ளியிருக்கிறாள். இன்றைக்குத் தட்டு முதலில் அவரிடம் போயிற்று, ஒன்பதாவது தற்செயலாகத் தலை மேலாகக் கிடந்திருக்க வேண்டும். ஒருவர் பார்த்தது இன்னொருவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் கம்பெனி இத்தனை பூட்டுப் போட்டிருக்கிறது.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள்.

அவர் எதை என்று கேட்கவில்லை. லென்ஸைக் கீழே வைத்தார். "ஒரு வருஷம் இருக்கும்," என்றார். "கண் நரம்பு பழுதாம். இருக்கறதைக் காப்பாத்திக்கலாம், போனது வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார். விளக்கைப் பாத்தா அதைச் சுத்தி வளையம் வளையமாத் தெரியுது. எந்தக் காசைப் புடிச்சாலும் அந்த வளையம் சுத்துது. எது காசோடது, எது என் கண்ணோடதுன்னு பிரிக்க முடியல. ஆனா தலை எது, பூ எதுன்னு தெரியும். அதனால பொழப்பு ஓடுது."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க எழுதிக் கொடுத்துடுவீங்க. நீங்க சல்லடையாச்சே."

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. இவளுக்கு வந்தது கோபமா பயமா என்று இவளாலேயே சொல்ல முடியவில்லை. கருத்து வேற்றுமை என்று பொத்தானை அழுத்தினால் பக்கத்துக் கட்டிடத்திலிருந்து மூன்றாவது பரிசோதகர் வருவார். ஆபீசில் அவருக்கு மூணாம் கண்ணு என்று பெயர். தப்பாகச் சொன்னவரைக் கம்பெனி டாக்டரிடம் கண் சோதனைக்கு அனுப்புவார்கள். அங்கே போனால் பெரியவர் திரும்பி இந்த அறைக்கு வரப்போவதில்லை. ஓய்வுத்தொகை முழுதாக வர இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. அவர் சம்பளம் நின்றால் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? வீட்டைக் கெடுக்க வந்தவள் என்று மாமியார்க்காரி ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறாள். பெற்றவளே வேலைக்கு உலை வைத்தாள் என்றால் மகளை அங்கே யார் நிம்மதியாகச் சாப்பிட விடுவார்கள்?

பெரியவர் தன் தாளை எடுத்து, ஒன்பதுக்கு நேரே 'அசல்' என்பதை அடித்துவிட்டுக் 'கெட்டது' என்று எழுதினார். கோணல்மாணலாக இருந்தாலும் எழுத்து தெளிவாகவே இருந்தது.

"இந்தாங்க. இப்ப ரெண்டும் ஒண்ணுதான். இதுல பொய் எதுவும் இல்ல, சம்பந்தியம்மா. காசு கெட்டதுதான், கெட்டதுன்னுதான் எழுதியிருக்கோம். கையெழுத்துப் போடுங்க, வெளியில போயிடலாம்."

அவர் சொன்னது சரி. அதுதான் சங்கடம். இந்தத் தாளில் பொய் இல்லை, நேற்றுப் போன தாளிலும் இல்லை. இவள் கண் பார்த்ததைத்தான் இரண்டு பேர் பார்த்ததாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இவள் என்றைக்காவது அசந்திருந்தால்? போன மழைக்காலத்தில் காய்ச்சலோடு வந்து உட்கார்ந்து எண்பது காசு பார்த்தாளே, அந்த வாரம்? தப்பினால் பிடிக்க எதிரே இன்னொரு ஆள் இருக்கிறார் என்ற தைரியத்தில்தானே பார்த்தாள். எதிரே ஆளே இருந்திருக்கவில்லை. அந்த எண்பதில் அசல் என்று போனவை இவள் கையெழுத்தோடு யார் யார் வீட்டுக் கண்ணாடி அலமாரியிலோ உட்கார்ந்திருக்கின்றன.

இனி தெரிந்தே செய்ய வேண்டும். நாளை காலையிலிருந்து நல்லதற்குத் தலை, கெட்டதற்குப் பூ. ஒன்றரை வருடம், லீவு போடாமல், காய்ச்சல் வராமல். அறை சின்னதாகிக்கொண்டே வருவதாக அவளுக்குத் தோன்றியது.

ஆனாலும் பேனாவை எடுத்தாள். மகளின் முகம் கண்முன் நின்றது, எடுத்துவிட்டாள். பேனாவை எடுத்தது பெரியவருக்கு மங்கலாகவாவது தெரிந்திருக்க வேண்டும். நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டார். அந்த நிம்மதியில் வாயும் திறந்துகொண்டது.

"அவ சொன்னது சரியாத்தான் இருக்கு. தங்கமான பொண்ணைப் பெத்திருக்கீங்க."

"யாரு? என்ன சொன்னா?"

"நம்ம பொண்ணுதான். டாக்டர்கிட்ட என்னைக் கூட்டிட்டுப் போனதே அவதானே. வேலையை விட்டுடறேன்னு அன்னிக்கே சொன்னேன். அவதான் வேண்டாம்னா. 'அம்மா வைக்கிற மாதிரிதான் காசு இருக்கும் மாமா, நல்லது தலை, கெட்டது பூ. சின்ன வயசுல வீட்டுல எனக்கு வெளையாட்டுக் காட்டும்போதும் அப்படித்தான் வைப்பா, அவளுக்கே தெரியாது'ன்னா."

பேனா இவள் விரலில் அப்படியே நின்றது.

"எனக்குப் பயம்தான். ஒருநாள் நீங்க கண்டுபிடிச்சுட்டா என்ன பண்றதுன்னு கேட்டேன். 'கண்டுபிடிச்சாலும் அம்மா வாயைத் திறக்க மாட்டா. என்னை நெனைச்சு முழுங்கிடுவா'ன்னா. எம்புட்டுப் புரிஞ்சு வெச்சிருக்கா பாருங்க உங்களை!"

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். யாருக்காக இவள் இந்தப் பூட்டுக்குள் குறுகி உட்கார்ந்திருக்கிறாளோ, அவளேதான் ஒரு வருடத்துக்கு முன்னால் பூட்டைப் போட்டிருக்கிறாள். வாராவாரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவாள். மடியில் படுத்துக்கொண்டு, "கண்ணு வலிக்குதாம்மா? ரொம்ப வேலையா?" என்று கேட்பாள். பாசம் என்று நினைத்து இவள் பூரித்துப்போய்த் தலையைத் தடவிக்கொடுப்பாள். அது பாசமாகவும் இருக்கலாம். அந்த வீட்டில் பிழைக்க அவளுக்கு வேறு வழி இல்லாமல் இருந்திருக்கலாம். என்றாலும், அம்மா முழுங்கிவிடுவாள் என்று கணக்குப் போட்டாளே, அதுதான் தாங்கவில்லை. அந்தக் கணக்கு இதோ இப்போது சரியாகப் போகவிருந்தது. பேனா தாளைத் தொட ஒரு விரற்கடைதான் பாக்கி.

அவள் பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

"என்னம்மா?" என்றது ஒலிபெருக்கி.

"மூணாம் கண்ணை வரச் சொல்லுங்க."

"உங்களுக்கா? காலையிலதானே படம் புடிச்சாங்க!" சாவிக்கொத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சரி, எந்தக் காசு? யார் யார் என்ன சொல்றீங்க?"

"ஒன்பதாவது காசு. ரெண்டு பேரும் கெட்டதுன்னுதான் எழுதியிருக்கோம்."

"அப்புறம் அவர் எதுக்கு?"

"ஒரு வருஷமா நாலு கண்ணு பாத்ததா எழுதிக் கொடுத்திருக்கோம். ரெண்டு கண்ணுதான் பாத்திருக்கு. பெரியவருக்குக் கண்ணு தெரியல. நான் காசை வெக்கிற விதத்தைப் பாத்துதான் அவர் எழுதியிருக்கார். தப்பு என் கையிலயும் இருக்கு. அதையும் சேத்தே எழுதிக்குங்க. ஒரு வருஷத்துக் காசையும் திரும்ப வாங்கிப் பாக்கணும்."

இப்போது ஒலிபெருக்கியில் சிரிப்பு இல்லை. "ரெண்டு பேரும் அப்படியே உட்காருங்க. எதையும் தொடாதீங்க. மேல சொல்லிட்டு வர்றேன்."

இவள் தன் நாற்காலிக்குத் திரும்பினாள். பெரியவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி அங்கியின் நுனியால் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். இனி துடைத்து என்ன ஆகப்போகிறது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். மேசைமேல் வைத்துவிட்டார்.

"இருபத்தெட்டு வருஷம்," என்றார்.

"மன்னிச்சுக்குங்க சம்பந்தி."

"நீங்க செஞ்சது சரிதான். நானே போன வருஷம் செஞ்சிருக்கணும். தைரியம் வரல." பிறகு மெல்லச் சொன்னார். "பொண்ணு ரொம்பக் கோவிச்சுக்குவா."

"கோவிச்சுக்கட்டும்," என்றாள். "எல்லாப் பொண்ணுங்களும் புகுந்த வீட்டுல கோவிச்சுக்கிட்டு அம்மாகிட்ட வருவாங்க. இவ அம்மாகிட்ட கோவிச்சுக்கிட்டு உங்க வீட்டுலதான் இருக்கப் போறா. அவளுக்கு வேற எடம் கெடையாது. உங்க வீட்டம்மா என்ன சொன்னாலும் சரி, அவளைச் சாப்பிடக் கூப்பிடறதை மட்டும் நிறுத்திடாதீங்க. என்மேல இருக்கற கோவத்தை அவமேல காட்டிடாதீங்க."

"ஐயோ, என்ன பேச்சு இது. அவ என் பொண்ணு." அவர் இவள் இருக்கும் திசையில் முகத்தைத் திருப்பினார். "உங்களைப் பத்தி அவ கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"கேக்க மாட்டா," என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.